சின்னுவின் பகல் தூக்கம்: 17 வயது காக்டெயில் கிளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 கார்த்திகையில் ஒரு நாள் காலை தொலைபேசி வந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

"தம்பி, சின்னு பகல்லயும் தூங்கிக்கிட்டே இருக்கான். முன்னாடி இப்படி இல்ல."

"வயசு என்ன ஆகுது டீச்சர்?"

"பதினாறு முடியப் போகுது."

"சாப்பிடுறானா?"

"அதெல்லாம் நல்லாவே சாப்பிடுறான்."

"அப்போ வயசாயிருச்சு, அதான். பயப்படாதீங்க."

இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். அவரும் நம்பிக்கையோடு போனை வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து, 2024 மாசியில், கூண்டைத் துணியால் போர்த்தி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அந்த மூன்று மாதமும் சின்னு வலியோடு இருந்திருக்கிறான். மருத்துவனான நான் பறவையைப் பார்க்காமலே சொன்ன ஒரு வார்த்தையால் வீணாய்ப் போன மாதங்கள் அவை. இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

யார் இந்தச் சின்னு

சாம்பல் நிற ஆண் காக்டெயில். கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், தலையில் மஞ்சள் கொண்டை. 2007-இல் டீச்சரின் கணவர் குஞ்சாக வாங்கி வந்து, கையில் வைத்துக் கஞ்சி ஊட்டி வளர்த்தவன். காக்டெயில்கள் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்துப் பறவைகள். வீட்டில் நல்ல கவனிப்பு இருந்தால் 15 முதல் 20 ஆண்டு வரை இருக்கும், அதையும் தாண்டியவை உண்டு. நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜிகள் 10 வயதைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆகவே 17 என்பது காக்டெயிலுக்கு முதுமை. அதில் நான் தவறவில்லை. முதுமையையே நோயின் பெயராகச் சொன்னதுதான் தவறு.

சின்னுவுக்கு ஒரு வித்தை உண்டு. குக்கர் விசில் அப்படியே அடிப்பான். மூன்று விசில் வந்ததும் டீச்சர் அடுப்பை அணைக்கப் போவார், குக்கரில் இரண்டுதான் வந்திருக்கும். கார்த்திகைக்குப் பிறகு அந்த விசில் நின்றுபோயிருந்தது. கூட்டி வரும்போது டீச்சர் முதலில் சொன்னது தூக்கத்தைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான். வளர்ப்பவர் எதை முதலில் சொல்கிறாரோ அதைக் குறித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் நோய் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தொடாமல் பார்த்த 20 நிமிடம்

பறவையைப் பிடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பிடித்த பிறகு தெரிவது பயந்த பறவை மட்டுமே. காட்டில் சோர்ந்து நிற்பதைத்தான் வேட்டைப் பறவை முதலில் குறி வைக்கும். அதனால் நோயை மறைப்பது இவற்றின் இரத்தத்திலேயே ஊறியது. வீட்டில் பிறந்து வளர்ந்தாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. அறிமுகமில்லாதவர் எதிரே வந்தால் நிமிர்ந்து, இறகை ஒடுக்கி, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நிற்கும். கொஞ்ச நேரம் நம்மை மறந்தால்தான் உண்மை வெளியே வரும்.

கூண்டை மேசையில் வைத்து, நான் மூலையில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பதுபோல் இருந்தேன். ஏழெட்டு நிமிடத்தில் சின்னுவின் இறகுகள் தளர்ந்தன. கண் மூடியது. ஆரோக்கியமான காக்டெயில் தூங்கும்போது ஒரு காலை வயிற்றுச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும், தலையைப் பின்னால் திருப்பி முதுகு இறகில் புதைக்கும், அதற்கு முன் அலகை மெல்ல அரைத்துக்கொள்ளும். அந்த அரைக்கும் சத்தம் காதில் விழுந்தால் பறவை நிம்மதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சின்னு அலகை அரைக்கவில்லை. இரண்டு காலிலும் நின்றான். உடலின் பாரத்தை வலது காலுக்கு மாற்றினான், சற்று நேரத்தில் இடதுக்கு, உடனே மறுபடி வலதுக்கு. பத்து நொடிக்கு மேல் இடது காலில் நிற்கவே இல்லை. கடைசியில் முட்டியை மடக்கி, வயிற்றையே குச்சியின் மேல் கிடத்திவிட்டான். அப்போதுதான் ஆழமாகத் தூங்கினான்.

பறவையின் காலில் ஒரு பூட்டு உண்டு. உட்காரும்போது கால் மடங்கினால் தசைநார் இழுபட்டு, விரல்கள் குச்சியைப் பிடித்துக்கொள்ள உதவும். அந்தப் பூட்டு இருக்கும்போதே வயிற்றைக் கிடத்த வேண்டியிருக்கிறது என்றால், பாதமோ மூட்டோ நோகிறது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனித்தேன். அரைத் தூக்கத்தில் ஒரு கண் திறந்திருந்தது, வலது கண். கதவு அவனுக்கு வலப்பக்கம் இருந்தது. கூண்டை மெல்லத் திருப்பினேன். அவனும் குச்சியில் நகர்ந்து திரும்பி, வலது கண் மறுபடி கதவைப் பார்க்கும்படி நின்றுகொண்டான்.

ஒரு கண் தூக்கம் பற்றிக் கொஞ்சம்

இங்கே சற்றுத் தங்க வேண்டும். பறவைகளால் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியை விழிப்பில் வைக்க முடியும். எந்தக் கண் திறந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க மூளை விழித்திருக்கும். நீல்ஸ் ராட்டன்போர்க் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1999-இல் மல்லார்டு வாத்துகளை வரிசையாகத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். வரிசையின் ஓரத்தில் இருந்த வாத்துகள் நடுவில் இருந்தவற்றைவிட அதிகமாக ஒரு கண் திறந்து தூங்கின, அதுவும் வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணைத் திறந்து. அதே ஆய்வாளர் 2016-இல் கலாபகோஸ் தீவுகளின் பெரிய கப்பற்கூழைக்கடா பறவைகள் பறந்துகொண்டே தூங்குவதை மூளை அலைப் பதிவில் காட்டினார். பறக்கும் நாட்களில் அவை தூங்கியது ஒரு நாளைக்குச் சராசரி 42 நிமிடம்தான்.

பகல் குட்டித் தூக்கமும் உண்மையான தூக்கமே. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் புறாக்களின் பிற்பகல் தூக்கத்தைத் தடுத்தார்கள். அன்றிரவு அவற்றின் தூக்கம் வழக்கத்தைவிட ஆழமாக இருந்தது. பகலில் விட்டதை இரவில் ஈடுகட்டின. அப்படியென்றால் இரவில் விட்டதைப் பகலில் ஈடுகட்டவும் பார்க்கும் அல்லவா? சின்னுவின் விஷயத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கார்த்திகையில் கேட்கவில்லை.

பரிசோதனை

எடை 104 கிராம். இரண்டு ஆண்டுக்கு முன் நகம் வெட்ட வந்தபோது என் நோட்டில் 92 என்று இருந்தது. காக்டெயிலுக்குப் பன்னிரண்டு கிராம் என்பது அறுபது கிலோ மனிதர் எட்டு கிலோ ஏறியதற்குச் சமம். மார்பெலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சதை, அதற்குக் கீழே மஞ்சளாகக் கொழுப்பு.

உள்ளங்கால் இரண்டும் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தன. சாதாரணமாக அங்கே சிறு செதில் வரிகள் தெரியும், இவனுக்கு அவை தேய்ந்து மழுங்கியிருந்தன. இடது பாதத்தின் நடுவில் மிளகின் பாதியளவுக்குத் தோல் தடித்திருந்தது. உள்ளங்கால் புண்ணின் முதல் படி இது. இதை விட்டால் தோல் உடைந்து கிருமி உள்ளே போய் எலும்புவரை இறங்கும்.

இடது கண்ணின் வில்லையில் கண்புரை, பால் கலந்த தண்ணீர் போல. வலது கண் தெளிவு. கதவுப் பக்கம் வலது கண்ணைத் திருப்பிக்கொண்டது ஏன் என்பது இப்போது புரிந்தது. பார்க்க முடிந்த கண்ணைத்தானே காவலுக்கு வைக்க முடியும்?

மயக்க வாயு கொடுத்து எக்ஸ்ரே எடுத்தோம். இடது காலில் பின்னோக்கி மடங்கும் பெரிய மூட்டின் ஓரங்கள் சொரசொரப்பாக வளர்ந்திருந்தன: மூட்டுத் தேய்மானம். கல்லீரல் நிழல் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலம். நூறு கிராம் பறவையிடம் ஒரு மில்லிக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது. வயதைப் பார்த்துப் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தது. அதில்தான் எனக்கு அதிகப் பயம் இருந்தது. வயதான கிளிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் மூட்டுகளில் வெள்ளை முடிச்சாக உறைந்துவிடும் கீல்வாதம் வரும். அது வந்தால் வலி கொடுமை, திரும்பி வருவது அரிது.

இதயத்தில் முணுமுணுப்பு ஏதும் கேட்கவில்லை. வயதான காக்டெயில்களுக்கு இரத்தக்குழாய் தடிப்பதும் உண்டு, சோர்வும் குச்சியிலிருந்து விழுவதும் அதன் அடையாளங்கள். சின்னு விழவில்லை. அதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மேலே போனேன்.

டீச்சரின் நோட்டு

ஒரு வாரத்துக்கு எழுதி வரச் சொன்னேன். எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு விழித்தான், எந்தக் கால் மேலே, எந்தக் கண் மூடியது, எது எழுப்பியது. முப்பத்து மூன்று ஆண்டு பாடக்குறிப்பு எழுதிய கை. கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதிக்கொண்டு வந்தார்.

பகல் தூக்கம் மட்டும் நான்கரை முதல் ஐந்தரை மணி நேரம். 'கால்' என்ற கட்டத்தில் ஏழு நாளும் ஒரே சொல்: இரண்டும். இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். பக்கத்தைத் திருப்பினால், நான் கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தார். 'கூடத்து விளக்கு அணைத்தது' என்று ஒரு கட்டம். 12.10. 12.40. 11.50. 1.05. அடுத்து 'விளக்கு போட்டது': 4.30. எல்லா நாளும்.

கணவர் போன வருடம் தவறிவிட்டார். அதற்குப் பிறகு டீச்சருக்கு அறையில் படுக்க மனம் வரவில்லை. கூடத்திலேயே கட்டில், கூடத்திலேயே டிவி, அதன் பக்கத்திலேயே கூண்டு. தூக்கம் வரும்வரை டிவி ஓடும். விடியலுக்கு முன் கோலம், பூஜை. சின்னுவுக்கு இருட்டு கிடைத்தது நான்கு மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. காக்டெயிலுக்கு 10 முதல் 12 மணி நேரம் தடையில்லாத இருட்டு வேண்டும்.

"துணி போட்டு மூடித்தானே தம்பி வைக்கிறேன்?" என்றார். குற்றவாளிபோல் கேட்டார், எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

துணி போதாது. பறவைக்கு ஒளியை உணர்வது கண் மட்டும் அல்ல. மண்டையோடு மெல்லியது, அதன் வழியே ஊடுருவும் வெளிச்சத்தை மூளைக்குள் இருக்கும் உணர்வணுக்களே நேரடியாக அறியும். கண் தெரியாத பறவைக்கும் பகல் இரவு தெரிவது அப்படித்தான். டிவியின் வெளிச்சம் துணி இடுக்கில் மினுக்கிக்கொண்டே இருக்கும், சத்தம் சொல்லவே வேண்டாம். கால் வலியில் ஏற்கெனவே தூக்கம் கலையும் பறவைக்கு இதுவும் சேர்ந்தால், பகலில் தூங்காமல் என்ன செய்யும்?

ஆக, 'வயசு' என்று நான் ஒரே மூட்டையாகக் கட்டியதைப் பிரித்தால் உள்ளே நான்கு பொருள் இருந்தன: பாத வலி, மூட்டு வலி, ஒரு கண் பார்வைக் குறைவு, இருட்டில்லாத இரவு. இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு மிச்சமாய் நிற்கும் தூக்கம்தான் உண்மையில் வயதினுடையது. அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதே இனி வேலை.

செய்தவை

இரவுக்குத் தனியாக ஒரு சின்னக் கூண்டு, பின்னறையில். மாலை ஏழரைக்கு உள்ளே போனால் காலை ஆறரைக்கு வெளியே. காக்டெயில்களுக்கு நள்ளிரவில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பார்வை குறைந்தவனுக்கு அது இன்னும் ஆபத்து என்பதால் முழு இருட்டும் வைக்கவில்லை. அறைக்கு வெளியே, கூண்டின் மேல் நேரடியாகப் படாதபடி ஒரு ஜீரோ வாட் பல்பு.

17 வருடமாக அவன் நின்றது கூண்டோடு வந்த இரண்டு பிளாஸ்டிக் குச்சிகளில். ஒரே தடிமன், ஒரே வழுவழுப்பு. பாதத்தின் ஒரே புள்ளி தினமும் பாரம் தாங்கினால் தோல் என்ன ஆகும்? அவற்றை எடுத்துவிட்டு, மருந்து தெளிக்காத கொய்யாக் கிளைகளை வெட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டச் சொன்னேன். ஓரிடத்தில் பருமன், ஓரிடத்தில் மெலிவு, நடுவில் ஒரு முண்டு. கூடவே வயிற்றைக் கிடத்திப் படுக்க ஒரு அகலமான பலகை, மேலே மெத்தென்று துணி. எல்லாம் தாழ்வாக. ஆனால் தீனிக் கிண்ணமும் தண்ணீரும் பழைய இடத்திலேயே. கண் மங்கியவனுக்குக் கூண்டு மனப்பாடம், அதைக் கலைக்கக் கூடாது. பக்கத்தில் போகும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதுவும் வலப்பக்கத்திலிருந்து.

தீனிதான் கடினமாக இருந்தது. கடையில் வாங்கும் கலவையில் சின்னு பொறுக்கித் தின்றது சூரியகாந்தி விதையை மட்டும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், அது குறைந்தால் உள்ளங்கால் தோலும் கெடும். ஏற்றிய எடையும் அந்தப் பாதத்தின் மேலேயே இறங்கியது. தினையும் சாமையும் கூட்டி, சூரியகாந்தியை ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். முருங்கைக்கீரை, துருவிய கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வயதான பறவை புதுத் தீனியைத் தின்னாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும், ஒரே நாளில் மாற்றுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். டீச்சர் சமையலறைத் தராசில் தினமும் காலை எடை பார்த்தார்.

வலிக்கு மெலாக்சிகாம், எடைக்குக் கணக்கிட்டு, சொட்டாக. இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னு நொண்டுவதைப் பார்த்து, தை மாதத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். 'கால் மாத்திரையைத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க' என்று கடையில் சொன்னார்களாம். நல்ல வேளையாக டீச்சர் கொடுக்கவில்லை. இந்தியாவின் கழுகு இனத்தையே, பிணந்தின்னிக் கழுகுகளை, கிட்டத்தட்ட இல்லாமலாக்கியது அந்த மருந்து. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அழித்து, உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியச் செய்தது. 2004-இல் இது நிரூபணமானது, 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. அதற்கு மாற்றாகக் கழுகுகளுக்குத் தீங்கில்லாதது என்று கண்டறியப்பட்டதே மெலாக்சிகாம். நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இன்று மிஞ்சியிருக்கும் கழுகுகளைப் பார்த்தவர்கள் யாரும் மனிதர்களின் வலி மாத்திரையைப் பறவைக்குக் கொடுக்க மாட்டார்கள்.

பிறகு

முதல் வாரம் டீச்சர் போனில் அழுதார். சின்னுவுக்கு ஒன்றும் இல்லை. "அவன் உள்ள போயிட்டா கூடம் வெறிச்சுன்னு இருக்கு தம்பி." நான் பதில் ஏதும் சொல்லவில்லை, சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மூன்றாம் வாரம் அவரே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். டிவி கூடத்திலேயே நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் நாள் மறுபடி போன். மூச்சு வாங்கப் பேசினார். "கால் தூக்கிட்டான் தம்பி! ஒரு கால் மேல!" எந்தக் கால் என்று கேட்டேன். இடது. வலியுள்ள காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நல்ல காலில் நிற்கிறான். நல்ல செய்திதான், ஆனால் பாதிச் செய்தி. இடது காலை நம்பி அதன் மேல் நின்று தூங்கினால்தான் மீதியும் வந்ததாக ஆகும் என்று சொன்னேன். அன்றிலிருந்து நோட்டில் 'கால்' கட்டம் பெரிதானது.

காலை நேரத் தூக்கம் ஐந்து வாரத்தில் நின்றது. மாலை ஆறு மணிச் சோர்வு அதற்கும் முன்பே போனது. சித்திரையில் ஒரு நாள் குக்கர் விசில் கேட்டது, மதியத்துக்கு முன் மட்டும், அதுவும் ஒரு விசிலோடு சரி. ஐந்து மாதத்தில் எடை 97. உள்ளங்காலில் செதில் வரிகள் மெல்லத் திரும்பின. மூட்டு திரும்பாது, அது அப்படியேதான் இருக்கும். இடது கண் இன்னும் வெளுத்திருக்கிறது. அறுவை சிகிச்சை பற்றி டீச்சர் கேட்டார். ஒரு கண் தெளிவாக இருக்கும்போது 17 வயதில் அந்த மயக்கத்துக்கு அவனை உட்படுத்த நான் ஒப்பவில்லை.

மதியத் தூக்கம் மட்டும் போகவில்லை. ஒன்றரை மணிக்குத் தொடங்கி ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். காட்டுக் காக்டெயில்களும் விடியலிலும் மாலையிலும் இரை தேடி, உச்சிவெயிலில் மரத்தில் அடங்கிவிடுகிறவை. திருச்சி வெயிலில் அதைக் குறை சொல்ல முடியாது. இளமையில் அரை மணி நேரமாக இருந்தது இப்போது நீண்டிருக்கிறது. அந்த நீட்சியைத்தான் வயது என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. அந்த நேரத்தில் காலிங் பெல்லை அணைத்துவிடச் சொன்னேன்.

இப்போதெல்லாம் யாராவது போனில் 'பறவை பகலில் தூங்குகிறது' என்றால் வயதைக் கடைசியில்தான் கேட்கிறேன். எந்தக் காலில் நிற்கிறது, எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள், எச்சத்தின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகத்தான் இருக்கிறதா, எடை எவ்வளவு. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ, கூண்டின் தரையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலோ, போனில் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறேன்.

ஆடி மாதம் பரிசோதனைக்கு வந்தபோது டீச்சர் நோட்டை என் மேசையில் வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, விரலால் காட்டினார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

'மதியம் 1.40 முதல் 3.05 வரை. பலகையில் இல்லை, கொய்யாக் குச்சியில். அலகு அரைத்தான். வலது கால் மேலே.'